எலெக்ட்ரிக் கார் புக் பண்ணும் முன்னாடி மெயின் போர்டைத் திறந்து பாருங்க

கோவையில் வீட்டு வயரிங் வேலை எடுத்துச் செய்கிறவன் நான். முன்பெல்லாம் புது வீடு, மாடி கட்டுவது, ஏசி பாயின்ட் என்றுதான் போன் வரும். இப்போது, "கார் அடுத்த வாரம் டெலிவரிங்க, சார்ஜர் மாட்டணும்" என்று கூப்பிடுகிறார்கள். பணம் கட்டி, கலர் தேர்ந்தெடுத்து, பூஜைக்கு நாள் குறித்த பிறகுதான் வீட்டு வயரைப் பற்றிய நினைப்பே வருகிறது. வரிசையைத் திருப்பிப் போடுங்கள். முதலில் வீடு, அப்புறம் கார். எலெக்ட்ரிக் கார் வாங்கினால் உங்கள் வீட்டிலேயே பெரிய மின்சாதனம் அதுதான். ஏசிகூட நடுநடுவே கம்ப்ரசரை நிறுத்தி மூச்சு வாங்கும். கார் அப்படியில்லை, மணிக்கணக்காக ஒரே அளவில் இழுத்துக்கொண்டே இருக்கும். வீட்டில் எந்த இடம் பலவீனமோ அந்த இடம் சூடாகும்.

எத்தனை கிலோவாட் வேண்டும்

காரோடு வரும் கையடக்க சார்ஜர் 15 ஆம்ப்ஸ் பிளக்கில் போடுவது. அது 3.3 கிலோவாட் வரை இழுக்கும், அதாவது ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய மூன்று யூனிட். சுவரில் மாட்டும் சார்ஜர் பெட்டி 7.2 கிலோவாட், 32 ஆம்ப்ஸ். பெரிய பெட்டி இருந்தால்தான் கௌரவம் என்று பலரும் நினைக்கிறார்கள். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். வடவள்ளியிலிருந்து பீளமேடு போய்வருகிறவர் ஒரு நாளைக்கு 40 கிலோமீட்டர் ஓட்டுவார். சின்ன, நடுத்தரக் கார்கள் ஒரு யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டர் தாராளமாக ஓடும். அப்படியானால் தினம் ஆறு யூனிட் போதும். கையடக்க சார்ஜரில் இரண்டு மணி நேர வேலை. ராத்திரி பத்து மணிக்குப் போட்டால் பன்னிரண்டரைக்குள் முடிந்துவிடும். அதற்கு எதற்கு 32 ஆம்ப்ஸ்?

தினம் நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுகிறவர்கள், இரண்டு எலெக்ட்ரிக் கார் வைத்திருப்பவர்கள், 45 யூனிட்டோ (விளம்பரத்தில் 45 kWh என்று இருக்கும்) அதற்கு மேலோ பேட்டரி உள்ள காரை அடிக்கடி காலியாக்கிக் கொண்டு வருகிறவர்கள், இவர்களுக்குச் சுவர்ப் பெட்டி தேவை. டாடா நெக்ஸான் காரின் 45 யூனிட் பேட்டரியைக் கையடக்க சார்ஜரில் முழுக்க ஏற்ற ஒரு ராத்திரி போதாது. டியாகோ, காமெட் மாதிரி சின்னக் கார்களின் 20 யூனிட் சுற்றிய பேட்டரிக்கு ஒரு ராத்திரியே போதும். சுவர்ப் பெட்டியை இலவசமாகத் தருகிறேன் என்று சொன்னாலும், அதை ஓட்டுவதற்காக வீட்டு மின் இணைப்பின் அனுமதி லோடை உயர்த்தும் செலவு உங்களுடையது.

இன்னொரு விஷயம். வீட்டில் த்ரீ பேஸ் இருப்பதால் 7.2 பெட்டி மூன்று பேஸிலும் பிரித்து எடுத்துக்கொள்ளும் என்று நம்புகிறார்கள். எடுத்துக்கொள்ளாது. அது சிங்கிள் பேஸ் பெட்டி. 32 ஆம்ப்ஸும் ஒரே பேஸிலிருந்துதான் வரும்.

ஏற்கெனவே இருக்கும் 15 ஆம்ப்ஸ் பாயின்ட் போதாதா?

சாயிபாபா காலனியில் ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் வீடு. போர்டிகோவில் அழகாக ஒரு பவர் பாயின்ட். "ஏனுங்க தம்பி, பாயின்ட்டுதான் இருக்குதுங்களே, அப்புறம் எதுக்குங்க தனி வயரு?" என்றார். "ஐயா, அந்த வயர் எங்கிருந்து வருதுன்னு மட்டும் பார்த்துடலாங்க" என்று பிளேட்டைக் கழற்றினேன். சமையலறை மிக்ஸி பாயின்ட்டிலிருந்து லூப், அதாவது கிளை வயர் எடுத்து, 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயரில் வந்திருந்தது. அந்தச் சமையலறைக்கு ஹாலின் ஏசி லைனிலிருந்து ஒரு லூப். வாக்குவம் கிளீனர் போடுவதற்காக எப்போதோ வைத்த பாயின்ட் அது. பத்து நிமிஷம் ஓடும் சாதனத்துக்கு ஒன்றும் ஆகாது. ஐந்து மணி நேரம் 14 ஆம்ப்ஸ் ஓடினால், சுவருக்குள் எந்த வயர் முறுக்கு லூசோ அது வேகும்.

அதனால் மெயின் போர்டிலிருந்து காருக்கென்று தனி லைன். நடுவில் எந்த லூப்பும் கூடாது, எந்த விளக்கும் அதில் தொங்கக் கூடாது. கையடக்க சார்ஜருக்கு 4 ஸ்கொயர் காப்பர், 20 ஆம்ப்ஸ் எம்.சி.பி. (அளவுக்கு மேல் கரன்ட் ஓடினால் தானே விழுந்துவிடும் ஸ்விட்ச்). சுவர்ப் பெட்டிக்குக் குறைந்தது 6 ஸ்கொயர். போர்டிலிருந்து கார் நிறுத்தும் இடம் தூரமென்றால் 10 ஸ்கொயர், எம்.சி.பி. 40 ஆம்ப்ஸ். இரண்டுக்குமே, கரன்ட் கசிந்தால் லைனை அணைத்துவிடும் 30 மில்லி ஆம்ப்ஸ் ஆர்.சி.சி.பி. தனியாகப் போடுங்கள், 'டைப் ஏ' என்று கேட்டு வாங்குங்கள். கடையில் சாதாரணமாக எடுத்துக் கொடுப்பது 'டைப் ஏசி' என்ற வேறு வகை. காருக்கு அது சரிப்படாது. வீடு முழுக்க ஒரே ஆர்.சி.சி.பி.யில் காரையும் சேர்த்தால், ராத்திரி கார் லைனில் சின்னக் கசிவு வந்தாலும் ஃப்ரிட்ஜ் உட்பட எல்லாம் அணைந்துவிடும். காலையில் மாவு பொங்கிப் புளித்திருப்பதைப் பார்த்துத்தான் தெரியும்.

பிளக் சாக்கெட்டில் கஞ்சத்தனம் வேண்டாம். வீட்டுக்குள் போடும் மாடுலர் சாக்கெட்டும் ஸ்விட்சும் இந்த வேலைக்குத் தாங்காது. மெட்டல் பெட்டியில் வரும் சாக்கெட், மூடியுடன் வாங்குங்கள். ஸ்விட்சுக்குப் பதில் எம்.சி.பி.யே போதும். சாக்கெட்டை நெஞ்சு உயரத்தில் வையுங்கள், பக்கத்திலேயே ஒரு கொக்கி அடியுங்கள். இந்தக் கொக்கியைச் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். கையடக்க சார்ஜரின் நடுவில் செங்கல் அளவுக்கு ஒரு பெட்டி இருக்கும். கொக்கி இல்லாவிட்டால் அந்தக் கனம் முழுக்க பிளக் பின்னில் தொங்கும். நாளாக ஆக பின் சற்றுச் சாய்ந்து, பிடிப்பு விட்டு, அந்த இடத்தில் நெருப்புப் பொறி தட்டும். கழற்றிப் பார்த்தால் சாக்கெட்டின் ஓட்டை ஓரம் பழுப்பேறி, மீன் வறுத்த மாதிரி ஒரு நாற்றம் அடிக்கும்.

முதல் வாரம் ஒரு வேலை செய்யுங்கள். சார்ஜ் போட்டு ஒரு மணி நேரம் கழித்து பிளக்கின் மேல் கை வையுங்கள். இளஞ்சூடு இருந்தால் பரவாயில்லை. கையை வைத்திருக்கவே முடியவில்லை என்றால் எம்.சி.பி.யை இறக்கிவிட்டு வயர்மேனைக் கூப்பிடுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மட்டும் எந்தக் காரணத்துக்கும் வேண்டாம்.

எர்த் இல்லாமல் கார் சார்ஜ் ஏறாது

ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் எர்த் இல்லாவிட்டாலும் ஓடித் தொலைக்கும். காரின் சார்ஜர் அப்படியில்லை. எர்த் சரியில்லை என்றால் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டு நின்றுவிடும். "சார்ஜர் பழுது" என்று எனக்கு வரும் புகார்களில் பெரும்பாலானவை கடைசியில் எர்த் குழியில்தான் போய் முடிகின்றன.

இதில் நம் ஊருக்கே உரிய ஒரு கதை உண்டு. பழைய வீடுகள் பலவற்றில் தனி எர்த் குழியே கிடையாது. இரும்புத் தண்ணீர்க் குழாயில் ஒரு கம்பியைச் சுற்றி அதையே எர்த் என்று விட்டிருப்பார்கள். அது ஓரளவு வேலையும் செய்தது. அப்புறம் குழாய் துருப்பிடித்தது என்று பிளம்பர் வந்து பிவிசி மாற்றினார். அன்றைக்கே எர்த் செத்துப் போயிற்று. வீட்டில் யாருக்கும் தெரியாது. கார் வந்து, சிவப்பு விளக்கு எரிந்த பிறகுதான் தெரிகிறது.

வயர்மேன் வந்தால் மல்டிமீட்டர் வைத்து மூன்று அளவு எடுக்கச் சொல்லுங்கள். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே எவ்வளவோ, பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவிலும் கிட்டத்தட்ட அவ்வளவு காட்ட வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். இதைச் சும்மா இருக்கும்போது எடுத்தால் போதாது. ஏசி, கீசர் எல்லாம் ஓடவிட்டு எடுக்க வேண்டும். லோடு ஏறியதும் மூன்று வோல்ட் பன்னிரண்டாகப் போகிற வீடுகள் உண்டு. அங்கே நியூட்ரல் கனெக்‌ஷன் எங்கோ லூஸ். மீட்டருக்கு முன்னால் லூஸ் என்றால் இ.பி. லைன்மேன்தான் வர வேண்டும், நாம் கை வைக்கக் கூடாது. சில அரைகுறைகள் நியூட்ரலையும் எர்த்தையும் சாக்கெட்டுக்குள்ளேயே சேர்த்து முறுக்கிவிட்டு, "பாருங்க, சார்ஜ் ஏறுது" என்பார்கள். அவரை அப்போதே வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். நியூட்ரல் ஒரு நாள் அறுந்தால் காரின் பாடி முழுக்க கரன்ட் இருக்கும்.

புதுக் குழி போட்டால் எர்த் டெஸ்டர் வைத்து 5 ஓமுக்குக் கீழே வருகிறதா என்று பார்த்து வாங்குங்கள். கரியும் உப்பும் போட்ட பழைய வகைக் குழி என்றால் சித்திரை, வைகாசியில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். காய்ந்த மண்ணுக்குள் கரன்ட் இறங்காது.

சேஞ்ச் ஓவரும் ராத்திரி வோல்டேஜும்

சிங்கிள் பேஸ் வீடு என்றால் இருக்கும் லோடோடு கார் சேருமா என்று பாருங்கள். பில்லிலேயே அனுமதிக்கப்பட்ட லோடு இருக்கும். ஒரு ஏசி, ஒரு கீசர், மோட்டார், அதற்கு மேல் 3.3 கிலோவாட் என்றால் த்ரீ பேஸுக்கு விண்ணப்பிப்பதே நல்லது. மின் வாரிய இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். கார் புக் செய்த அன்றே அதையும் போட்டுவிடுங்கள்.

த்ரீ பேஸ் வீட்டில் கார் லைனை எந்த பேஸில் தருவது என்பதை யோசித்துச் செய்யுங்கள். படுக்கையறை ஏசி ராத்திரி முழுக்க ஓடும். கார் அதே பேஸில் வரக் கூடாது. அடுத்தது சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச். ஒரு பேஸ் போனதும் அதைத் திருப்பி எல்லாவற்றையும் இருக்கும் பேஸுக்கு மாற்றுவது நம் வீடுகளில் பழக்கம். கார் லைனும் அந்த ஸ்விட்சுக்குப் பின்னால் இருந்தால், ஏற்கெனவே திணறும் பேஸின் தலையில் காரும் ஏறும். கார் லைனை சேஞ்ச் ஓவருக்கு முன்னாலேயே பிரித்துவிடச் சொல்லுங்கள். பேஸ் வந்தால் ஏறட்டும், வராவிட்டால் காத்திருக்கட்டும். இன்வெர்ட்டர் லைனில் இதைச் சேர்க்கக் கூடாது என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை, ஆனாலும் சேர்த்து வைத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஊருக்கு ஒதுக்குப்புறமான லேஅவுட்களில் சாயங்காலம் ஏழு மணிக்கு வோல்டேஜ் 190-க்கு இறங்கும். அந்த நேரத்தில் சார்ஜர் நிற்கும், மறுபடி தொடங்கும், மறுபடி நிற்கும். அதற்கு ஸ்டெபிலைசர் வாங்காதீர்கள். காரின் ஆப்பிலேயே நேரம் வைக்கும் வசதி பெரும்பாலும் இருக்கும். பதினோரு மணி வையுங்கள். வீட்டு இணைப்புக்கு ராத்திரி தனிக் கட்டணம் என்று கிடையாது, ஆனால் அந்நேரம் வோல்டேஜ் நிலையாக இருக்கும்.

இரண்டு மாத பில்

"யூனிட் நாலு ரூபா எழுபது காசுதானே, கிலோமீட்டருக்கு எழுபது பைசா" என்று கணக்குப் போடுகிறவர்கள் ஸ்லாபை, அதாவது யூனிட் கூடக் கூடக் கட்டணமும் படிப்படியாக ஏறுவதை மறந்துவிடுகிறார்கள். வீட்டு பில்லில் கார் ஓடும் யூனிட் கடைசியாக, உச்சிப் படியில் உட்காரும்.

மாதம் ஆயிரம் கிலோமீட்டர் என்று வைப்போம். சார்ஜ் ஏற்றும்போது வீணாகும் பத்துப் பதினைந்து சதவீதத்தையும் சேர்த்தால் மாதம் 160 யூனிட், இரண்டு மாதத்துக்கு 320. கார் இல்லாமல் உங்கள் வீடு இரண்டு மாதத்தில் 400 யூனிட் ஓடுகிறது என்றால், 2024 ஜூலைக் கட்டணப்படி பில் 1,175 ரூபாய். முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த 100-க்கு 2.35, அதற்கு மேல் 4.70. காரோடு 720 யூனிட் ஆகும்போது 500-ஐத் தாண்டிவிடுகிறீர்கள். தாண்டிய உடனே அந்த 2.35 சலுகை போய்விடும், அதுவும் 4.70 ஆகிவிடும். 400-க்கு மேல் 6.30, 500-க்கு மேல் 8.40, 600-க்கு மேல் 9.45. மொத்தம் நாலாயிரத்துச் சொச்சம் வரும். கார் சாப்பிட்டது சுமார் 2,840 ரூபாய். யூனிட்டுக்கு ஒன்பது ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே, கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் நாற்பது காசு. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் காரில் அதே 2,000 கிலோமீட்டர் ஓட்ட, லிட்டர் நூறு ரூபாய் என்றாலே பதிமூவாயிரம் தாண்டும். லாபம் பெரிய லாபம்தான். ஆனால் எழுபது பைசா என்று வீட்டில் சொல்லிவிட்டு பில் வந்ததும் முழிக்காதீர்கள்.

இந்த உச்சிப் படியே இன்னொரு வழியையும் காட்டுகிறது. காருக்காக ஏறிய யூனிட்டை வீட்டுக்குள்ளேயே குறைக்கலாம். பழைய சீலிங் ஃபேன் 75 வாட். குறைந்த கரன்ட்டில் ஓடும் புது வகை பிஎல்டிசி ஃபேன் 30 வாட். ஐந்து ஃபேன், தினம் பன்னிரண்டு மணி நேரம் என்றால் இரண்டு மாதத்தில் 160 யூனிட் மிச்சம். காரின் பாதித் தீனி அங்கேயே கிடைத்துவிட்டது! அதுவும் எட்டு ஒன்பது ரூபாய் யூனிட்டாக மிச்சமாவதால் ஃபேன் வாங்கிய காசு இரண்டு வருஷத்துக்குள் திரும்பும். கார் வாங்க லட்சக்கணக்கில் போடுகிறவர் ஃபேன் மாற்ற யோசிப்பது எனக்குப் புரிவதில்லை. கீசர் தினம் ஒரு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 120 யூனிட். மாடியில் பழைய சோலார் வாட்டர் ஹீட்டர் பழுதாகிக் கிடந்தால் முதலில் அதைச் சரி பண்ணுங்கள்.

மாடியில் நிழல் விழாத இடம் இருந்தால் சோலார் பேனல் போடலாம். மத்திய அரசின் பி.எம். சூரிய கர் திட்டம் 2024-இல் வந்தது. 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். ஒரு கிலோவாட் ஒரு நாளைக்கு நான்கு யூனிட் தரும். 3 கிலோவாட் என்றால் இரண்டு மாதத்துக்கு 720 யூனிட், நாம் மேலே போட்ட வீடு, கார் இரண்டுக்கும் சேர்ந்த அளவு. பகலில் கார் வீட்டில் இருந்தால் நேராகவே ஏற்றலாம். இல்லாவிட்டாலும், நீங்கள் வாரியத்துக்கு அனுப்பிய யூனிட்டை எடுத்ததிலிருந்து கழிக்கும் நெட் மீட்டரில் கணக்கு நேராகும். ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். பேட்டரி இல்லாத சாதாரண சோலார், கரன்ட் போனால் தானும் நின்றுவிடும். வெயில் கொளுத்தினாலும் கார் ஏறாது.

அபார்ட்மென்ட், அப்புறம் ஊர்

அபார்ட்மென்ட்டில் வயரைவிட ஆட்கள்தான் சிக்கல். பொது மீட்டரில் செருகினால் முதல் மாதமே வாட்ஸ்அப் குழுவில் சண்டை. உங்கள் சொந்த மீட்டரிலிருந்து பார்க்கிங் வரை கேபிள் இழுப்பதே சரி. உங்கள் வீட்டு இணைப்பிலிருந்தே சொந்தக் காரை ஏற்றலாம் என்று மத்திய மின் அமைச்சகத்தின் வழிகாட்டுதல் இருக்கிறது. அசோசியேஷனுக்குக் கடிதம் கொடுக்கும்போது கேபிள் போகும் பாதையை ஒரு தாளில் வரைந்து, எம்.சி.பி., ஆர்.சி.சி.பி. விவரமும் எழுதி, உரிமம் பெற்ற கான்ட்ராக்டர் கையெழுத்தோடு கொடுங்கள். "தீப்பிடிச்சா யார் பொறுப்பு?" என்று கேட்பவருக்கு அந்தத் தாள்தான் பதில். கீழ்த்தளத்தில் கேபிளை தரையிலிருந்து மேலே ட்ரேயில் கொண்டுபோங்கள். மழைத் தண்ணீரும் எலியும் எட்டக் கூடாது.

நெடுஞ்சாலை வேகச் சார்ஜர்கள் யூனிட்டுக்கு இருபது ரூபாய் சுற்றி வாங்குகின்றன. மாதம் ஒரு முறை சென்னை போகிறவருக்கு அது பெரிய செலவில்லை, தினமும் அதை நம்பினால் லாபமெல்லாம் அங்கேயே கரைந்துவிடும். ஊட்டி போகிறவர்கள், மலையேற்றம் தொடங்கும் கல்லாறு தாண்டியதும் பேட்டரி சதவீதம் மளமளவென இறங்குவதைப் பார்த்துப் பதற வேண்டாம். திரும்பி இறங்கும்போது ஓரளவு தானே ஏறிவிடும்.

சொந்த ஊருக்கோ மாமனார் வீட்டுக்கோ போகும்போது கையடக்க சார்ஜரை எடுத்துப் போங்கள், கூடவே பிளக்கில் செருகி எர்த் காட்டும் மூன்று விளக்கு டெஸ்டர் ஒன்று. சில நூறு ரூபாய்தான். சார்ஜரில் ஆம்ப்ஸ் குறைக்கும் வசதி இருந்தால் பழைய வீட்டில் 8 அல்லது 10-க்கு இறக்கி, ராத்திரி முழுக்க மெதுவாக ஏறவிடுங்கள். தோட்டத்து மோட்டார் ரூமில் கனமான லைன் இருக்கிறதே, அதில் போட்டுக்கலாம் என்று மச்சான் சொல்வார். அது விவசாயத்துக்கான இலவச இணைப்பு. அதில் கார் ஏற்றுவது அனுமதியில்லாத பயன்பாடு. பிடித்தால் அபராதம் அவர் பெயரில்தான் வரும். வீட்டு இணைப்பிலிருந்தே எடுங்கள், கிளம்பும்போது பத்துப் பதினைந்து யூனிட்டுக்கான காசை மாமியார் கையில் கொடுக்கப் பாருங்கள். வாங்க மாட்டார், பழக்கூடையாக மாற்றிக் கொடுத்துவிடுங்கள்.